நிலாவெளிக்கு வந்தால் முதல் நாளே புறாத்தீவுக்கு ஓட வேண்டாம்

கேள்வி இதுதான்: ஆகஸ்டில் குடும்பமாகத் திருகோணமலைப் பக்கம் நான்கு நாள் வருகிறோம். பிள்ளைகளுக்கு வயது எட்டும் பன்னிரண்டும். வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்காக நீந்தத் தெரியாது. நிலாவெளியில் தங்கி, அதன் எதிரே கடலில் பவளப்பாறைகள் சூழ்ந்த புறாத்தீவைப் பார்க்கலாமா, இல்லை அது நீச்சல்காரர்களுக்கு மட்டுமான இடமா?

தாராளமாக வாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் பையை அறையில் போட்ட கையோடு படகு பேசிப் புறாத்தீவுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு நாளில் தங்குமிடத்துக்கு முன்னால் உள்ள கடலில் மிதக்கப் பழகுங்கள். நீந்தத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பதறாமல், கால் ஊன்றாமல் பத்து நிமிடம் மிதந்தால் போதும். அது வராமல் அங்கே போனால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, அங்கே இருக்கும் உயிர்களுக்கும் கேடு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் போனால் முதலில் உப்புவெளி வரும், பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளி. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பஸ்கள் எல்லாம் இந்த வழிதான். உப்புவெளியில் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கமாக இருக்கும், இரவு பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம் உண்டு. நிலாவெளி அப்படியில்லை. தென்னையும் பனையும் நிற்கும் வளவுகள், அவற்றுக்கு நடுவே தள்ளித் தள்ளி விடுதிகள், முன்னால் நீண்டு கிடக்கும் மணல். மாலை ஏழு மணிக்கு மேல் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. போர் முடியும்வரை, அதாவது 2009 வரை, இந்தப் பக்கம் வந்துபோனவர்கள் குறைவு. இடையில் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இந்தக் கரையைப் பலமாக அடித்தது. ஊர் இன்னும் நெரிசலாகாமல் இருப்பதற்கு அந்த இரண்டுமே காரணம். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் நிலாவெளியைத்தான் சொல்வேன். படகில் ஏறும் இடமும் பக்கம்.

ஆகஸ்ட் என்பதால் மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் காலி, கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் கரை காய்ந்து கிடக்கும். ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் அமைதி. ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று எழும்பினால் நிலைமை தலைகீழாகும். மார்கழியில் வந்து படகு கேட்டு ஏமாந்து போகிறவர்கள் வருடா வருடம் உண்டு.

ஆனால் காற்றைக் கவனியுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே கச்சான் வீசும். நாட்டின் தென்மேற்கிலும் மலைநாட்டிலும் மழையை இறக்கிவிட்டு, சூடும் வறட்சியுமாகத் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வரும் காற்று அது. காலையில் அடங்கியிருக்கும், பத்து பதினொரு மணிக்குப் பிறகு பலக்கும். இதில் ஒரு மாயம் இருக்கிறது. காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுவதால் கரையோரத் தண்ணீர் தட்டையாக, அலையே இல்லாமல், பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். அந்தத் தண்ணீரில் காற்றடைத்த மிதவையில் ஒரு பிள்ளை படுத்திருந்தால், கச்சான் அதைச் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். நீந்தத் தெரிந்த பெரியவர்களால்கூட எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் போகும். ஆகவே பிளாஸ்டிக் வாத்து, மெத்தை, டியூப் எதையும் கடலில் இறக்காதீர்கள். உடம்போடு கட்டுகிற லைஃப் ஜாக்கெட் மட்டும். கடல் வேலை எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மதியத்தில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். இந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான்.

பழகும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள். இங்கே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அவை பெரியவர்களின் முகத்துக்கானவை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது, தண்ணீர் உள்ளே வரும், பிள்ளை பயந்துவிடும், அதோடு சரி. கடையில் வாங்கும்போது பட்டியைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டி நின்றால் சரியான அளவு. விழுந்தால் அடுத்ததைப் பாருங்கள். கடலில் மாட்டும்போது ஒரு தலைமுடிகூட ரப்பருக்கு அடியில் மாட்டியிருக்கக் கூடாது. ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். மீசைக்காரர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் பூசிக்கொள்ளலாம். கண்ணாடி புகை பிடிக்காமல் இருக்க உட்புறம் எச்சில் தடவி அலசினால் போதும், அதைவிட நல்ல மருந்து இல்லை.

முதல் நாள் காலையில் இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நின்றபடியே குனிந்து முகத்தை மட்டும் உள்ளே வைத்து வாயால் மூச்சு விடப் பழகட்டும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதுதான் முக்கியம். அது பழகியதும் நீங்கள் வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுக்க, பிள்ளை காலைத் தூக்கட்டும். பிறகு கையை எடுங்கள். இரண்டாம் நாள் குழாய்க்குள் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் விட்டு, "பூ" என்று ஊதி வெளியேற்றக் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் நேரம் எடுக்கும்.

இப்போது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். பெரிய தீவு, சிறிய தீவு என இரண்டு. பெரியதே ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். மாடப்புறாக்கள் அங்கே பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அதைத் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேர். தீவின் அளவோடு ஒப்பிட்டால் புரியும், பூங்கா என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பார்க்க வேண்டியது எல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

கரையில் கால் வைத்ததும் மணலுக்குப் பதில் வெள்ளை வெள்ளையாகக் குச்சிக் குச்சியாக ஏதோ குவிந்து கிடக்கும். அத்தனையும் இறந்த முருகைக்கல்லின் துண்டுகள், நீங்கள் பவளப்பாறை என்று சொல்வது. வெறுங்காலில் நடந்தால் குத்தும், செருப்பு வேண்டும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலெல்லாம் ஊசிமுனை அளவில் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் இருந்த அறை. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். துண்டாக இருந்தாலும் சிப்பியாக இருந்தாலும் தீவிலிருந்து எதையும் கொண்டுவரச் சட்டம் விடாது, திரும்பும்போது பையைப் பார்ப்பார்கள்.

தண்ணீருக்குள் இருப்பது அந்தக் குச்சிகளின் உயிருள்ள வடிவம். மான்கொம்பு மாதிரிக் கிளைத்தவை, மேசை போல விரிந்தவை, மூளையின் மடிப்புகளோடு உருண்டு கிடப்பவை. கிளைத்து வளர்பவை நல்ல சூழலில் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் வளரலாம். உருண்டைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது, உங்கள் இடுப்பளவு உருண்டை ஒன்று உங்கள் பாட்டனாருக்கும் மூத்தது. இந்த இடத்தில்தான் நான் மேலே சொன்ன மிதப்பு வருகிறது. புறாத்தீவில் முருகைக்கல் ஆழத்தில் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவுத் தண்ணீரிலேயே இருக்கிறது. மிதக்கப் பழகாதவர்கள் என்ன செய்வார்கள்? மூக்கில் தண்ணீர் போன உடனே காலை ஊன்றி எழுந்து நிற்பார்கள். நிற்பது எதன் மேல்? பத்து வருடம் வளர்ந்தது ஒரு மிதியில் முறியும். 2009-க்குப் பிறகு கூட்டம் பெருகியதில் கரையை ஒட்டிய பகுதிகள் இப்படித்தான் அழிந்தன. 1998-ல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் மன்னார் வளைகுடாவிலும் முருகைக்கல் வெளிறிச் செத்தபோது திருகோணமலைக் கடல் பெரும்பாலும் தப்பியது. கடல் விட்டுவைத்ததைக் காலால் மிதித்து முறிக்கிறோம் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

அதனால் படகுக்காரரோடு தண்ணீருக்குள் கூட வரும் வழிகாட்டி ஒருவரையும் பேசிக்கொள்ளுங்கள். வட்ட மிதவை ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்து வருவார்கள், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டே பார்க்கலாம். நிற்க வேண்டும் என்று தோன்றினால் மல்லாந்து படுங்கள், ஜாக்கெட் தாங்கும். காலில் துடுப்பு மாட்ட வேண்டாம். பழகாதவர்கள் துடுப்பால் அடிப்பது மிதிப்பதைவிட மோசம். மணல் உள்ள இடமாகப் பார்த்து இறங்கி, மணல் உள்ள இடத்திலேயே ஏறுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழங்கைக்குக் கீழ் வரும் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுவது நல்லது. சில வெயில் களிம்புகளில் உள்ள ஒக்ஸிபென்சோன் முருகைக்கல்லுக்கு ஆகாது என்று ஹவாய், பலாவு போன்ற இடங்களில் விற்கவே தடை போட்டிருக்கிறார்கள். அதுவுமில்லாமல், குப்புற மிதக்கும்போது முதுகு கருகுவது தெரியாது, இரவில்தான் தெரியும்.

என்ன தெரியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிளிமீனைக் கட்டாயம் காட்டுங்கள். பச்சையும் நீலமும் ரோசாவும் கலந்த மீன், கிளிமூக்குப் போன்ற பல். காதைத் தண்ணீருக்குள் வைத்து அசையாமல் மிதந்தால் அது கல்லைக் கொறிக்கும் "கறுக் கறுக்" சத்தம் தெளிவாகக் கேட்கும். கல்லின் மேல் படர்ந்த பாசியைத் தின்பதற்காகக் கல்லையும் சேர்த்து அரைத்து, பின்னால் வெள்ளை மணலாக விடும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்த மணல் மேகம் போல விழுவதையும் காணலாம். முருகைக்கல் உள்ள கடற்கரைகளின் வெண்மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். பாசியை இந்த மீன் தின்னாவிட்டால் அது முருகைக்கல்லை மூடிவிடும். உணவகத்தில் கிளிமீன் இருந்தால் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

சுறாவும் உண்டு. செட்டை நுனியில் கறுப்புப் பூசியது போன்ற சிறிய சுறா, முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரை மீற்றர் அளவுதான். தீவின் குறுக்கே நடந்து மறுபக்கம் போனால் காலையில் ஆழமில்லாத தண்ணீரில் சுற்றும். மனிதனைக் கண்டால் விலகிப் போகிற கூச்ச சுபாவம். துரத்தாமல், கையால் தண்ணீரை அடிக்காமல், ஓரிடத்தில் மிதந்தால் அதுவாகவே ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும். ஆமை வந்தால் அதிர்ஷ்டம். பேராமையும் அழுங்காமையும் இந்தப் பக்கம் மேய வரும். அதைத் தொட்டுப் படமெடுக்கும் ஆட்களைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள், ஆமை மூச்சுக்காக மேலே வந்திருக்கிறது, வழிவிட வேண்டும்.

செலவு விஷயம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டை நிலாவெளிக் கரையில் உள்ள அவர்களது அலுவலகத்தில் எடுக்க வேண்டும். இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் இந்தச் செலவுதான் பயணத்திலேயே பெரிதாக இருக்கும், அதனால்தான் தயாராகப் போகச் சொல்கிறேன். படகுக்கூலி தனி. அது பொதுவாகப் படகுக்கு இவ்வளவு என்று பேசுவது, தலைக்கு அல்ல. விடுதியில் இன்னொரு குடும்பம் இருந்தால் சேர்ந்து போங்கள். காத்திருக்கும் நேரம் எவ்வளவு, கண்ணாடியும் ஜாக்கெட்டும் கூலிக்குள் அடங்குமா, வழிகாட்டிக்குத் தனியா என்று முந்தின நாள் மாலையே கேட்டு முடித்துவிடுங்கள். "அண்ணே, பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது, ஆறுதலா கொண்டுபோய் வாங்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் ஆட்கள் பிள்ளைகளைக் கைக்குள் வைத்துப் பார்ப்பார்கள். உப்புவெளியிலும் புறாத்தீவுப் படகு பேசலாம், ஆனால் அங்கிருந்து தூரம் கூட. திரும்பி வரும்போது கச்சானில் முழுக்க நனைவீர்கள்.

சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறை மூன்றையும் தவிருங்கள். ஆகஸ்டில் உள்ளூர்ப் பாடசாலை விடுமுறையும் சேர்ந்தால் அந்தச் சின்னத் தீவில் நிற்க இடமிருக்காது, தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. வார நாளில் முதல் படகில் போய், பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். தீவில் கடை கிடையாது. குடிக்கத் தண்ணீரைக் கழுவிப் பாவிக்கும் போத்தலில் கொண்டுபோங்கள்.

புறாத்தீவு ஒரு காலை வேலைதான். மிச்ச நேரத்துக்கு ஊர் இருக்கிறது. விடியற்காலையில் கடற்கரையில் நடந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தோணி வெளியே போய் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள், இழுக்க இழுக்க இரு வரிசையும் நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும்போது நெத்தலியும் சூடையும் காரலும் வெள்ளியாகத் துள்ளும். முன்பு இழுப்புக்கு ஏற்ற அம்பாப் பாட்டு கேட்கும். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கிறது. கை இழுப்பு நடக்கும் இடமாக இருந்தால் பிள்ளைகளும் கயிற்றில் ஒரு கை வைக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மீனும் அங்கேயே வாங்கலாம். நீங்கள் தங்கும் இடம் வீட்டுச் சமையல் உள்ள சிறு விடுதியாக இருந்தால், அந்த அக்காவிடம் கொடுத்தால் குழம்பும் பொரியலும் சொதியுமாக மதியத்துக்கு வந்துவிடும். இரவுக்குப் பிட்டு, இடியப்பம், கணவாய்க் கறி. பெரிய விடுதிகளின் இரவு விருந்தைவிட இது பல மடங்கு மேல்.

இரண்டாம் நாள் மாலை திருகோணமலை நகரில் உள்ள கோணேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போய்வாருங்கள். சம்பந்தர் பாடிய தலம், கடலுக்கு மேலே செங்குத்தான பாறையில். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். கடலில் விழுந்த தூண்களையும் கற்களையும் 1956-ல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடிப் பார்த்தார்கள். மதியத்தில் போகாதீர்கள், கல் தரை காலைச் சுடும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் வீதியோரமாக மேயும், பிளாஸ்டிக் பையோடு தீனி நீட்டாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நகரிலிருந்து கிட்டத்தான், ஒரு மணி நேரம் போதும். திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணம் பெரியவர்களுக்கு நல்லது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகஸ்ட் காற்றில் அத்தனை மணி நேரம் கடலில் இருப்பது கஷ்டம், இந்த முறை விட்டுவிடுங்கள்.

காயத்துக்கு ஒரு சொல்: முருகைக்கல்லில் உரசினால் சின்னக் கீறல்தான் என்று விடக் கூடாது. அதன் துகள் உள்ளே இருந்தால் சீழ் கட்டும். நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். சிவந்து வீங்கினால் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நான்கு நாளில் மூன்றாம் நாளைப் புறாத்தீவுக்கு வைக்கச் சொன்னதில் இன்னொரு காரணமும் உண்டு. அன்று விடியற்காலையிலேயே கச்சான் பலத்து, படகுக்காரர் "இண்டைக்கு வேண்டாம்" என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். நான்காம் நாள் காலை கையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸையோ வண்டியையோ அன்று பிற்பகலுக்குப் பதிந்து வையுங்கள், குளித்து உப்பைக் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் புறப்பட நேரம் இருக்கும்.